பெட்டியைப் பூட்டியாச்சு... சாவி எங்கே?

அடுக்ககச் சங்கம், பழைய மாணவர் மன்றம், ஊர்ச் சங்கம், வாசகர் வட்டம் என்று எங்கே பார்த்தாலும் ‘இந்த வருஷம் ஆன்லைன்லயே ஓட்டு’ என்ற பேச்சு. போடுவது சுலபமாகிவிட்டது. யாருக்குப் போட்டோம் என்பது யாருக்கெல்லாம் தெரியும்?

2025 நவம்பர் நடுவில் ஒரு தேர்தலின் வாக்குப்பதிவு முடிந்தது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் உறுப்பினர்கள் ஒரு மாதமாக அவரவர் கணினியிலிருந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். போட்ட ஓட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எந்த ஹேக்கரும் நுழையவில்லை. சர்வர் படுத்துக்கொள்ளவில்லை. எண்ண வேண்டியதுதான் பாக்கி.

எண்ண முடியவில்லை.

மின்னணுப் பெட்டியைத் திறக்க மூன்று பேரிடம் மூன்று ரகசியச் சாவிகள் இருந்தன. மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு வெளியே வரும். மூவரில் ஒருவர் தன்னுடைய சாவியைத் தொலைத்துவிட்டார். சாவி என்றால் மிக நீண்ட ஓர் எண். அதை மறுபடி உருவாக்கவோ பூட்டை உடைக்கவோ உலகில் யாராலும் முடியாது. முடிந்தால் அது பூட்டே இல்லை.

தேர்தல் நடத்தியது யார் தெரியுமா? சர்வதேச சங்கேதவியல் ஆராய்ச்சிக் கழகம். ஆங்கில எழுத்துகளில் ஐ.ஏ.சி.ஆர். 1982-ல் தொடங்கிய அமைப்பு. இன்று நாம் வங்கிச் செயலியைத் திறக்கும்போதும், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும்போதும் பின்னால் வேலை செய்யும் கணிதத்தை வகுத்தவர்களில் பலர் அதன் உறுப்பினர்கள். பூட்டுக் கலையின் பேராசான்கள் தங்கள் வீட்டுக் கதவையே திறக்க முடியாமல் வாசலில் நின்றார்கள். நடந்த தேர்தலைக் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டெடுப்பு நடத்தினார்கள். இந்த முறை மூன்று சாவிகளில் எவையேனும் இரண்டு போதும் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள்.

செய்தி வந்தபோது உலகமே சிரித்தது. ஆனால் மூன்று பேரும் ஒன்றாகக் கை கோத்தாலொழிய ஒருவர் ஓட்டையும் இன்னொருவர் பார்க்க முடியாது என்ற அளவுக்கு அவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். நம் சங்கத் தேர்தல்களில் அந்தக் கவலை எத்தனை பேருக்கு இருக்கிறது?

‘நான் பார்க்க மாட்டேன் சார்’

நம் ஊர்ச் சங்கங்களின் இணையதளம் நடக்கும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் உறுப்பினர் மாட்டிக்கொள்வார். ஐ.டி. வேலைக்காரர், இல்லையென்றால் ஓய்வுபெற்ற பொறியாளர். டொமைன் அவருடைய கார்டில்தான் புதுப்பிக்கப்படும். பாஸ்வேர்டு அவரிடம். உறுப்பினர் பட்டியல் அவருடைய எக்ஸெல் கோப்பில். சம்பளம் கிடையாது. ஆண்டுப் பொதுக்குழுவில் (ஏ.ஜி.எம்.) ஒரு சால்வை உண்டு. தேர்தல் வந்ததும், “நீங்களே ஒரு ஃபார்ம் போட்டுடுங்களேன்” என்பார்கள். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து போட்டுவிடுவார்.

அந்த நிமிடத்திலிருந்து சங்கத்தில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அவர் நினைத்தால் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமாகிவிடுகிறது.

அவர் பார்க்க மாட்டார். நல்ல மனிதர். அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ஓட்டுப் போடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? இன்றைய செயலாளரை எதிர்த்து நிற்பவருக்குப் போட நினைக்கும் ஒருவர், அட்மின் அந்தச் செயலாளரோடு தினமும் வாக்கிங் போவதைப் பார்க்கிறார். அவர் விரல் எந்தப் பொத்தானை அழுத்தும்? ரகசியம் கசிந்தால்தான் தேர்தல் கெடும் என்றில்லை. கசியலாம் என்ற சந்தேகமே ஓட்டை மாற்றப் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்துபவர்களுக்கு இந்தச் சங்கடம்கூட இல்லை. 2022-ல் அந்த வசதி வந்ததிலிருந்து கேட்டரிங் மெனு முதல் கமிட்டித் தேர்தல் வரை அதில்தான். வழக்கமான வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் ஓட்டு விவரத்தைத் தட்டினால், எந்த விடைக்கு யார் யார் என்று போட்டோவோடு வந்து நிற்கும். பிரியாணியா புலாவா என்பதற்கு அது சரி. தலைவர் யார் என்பதற்கு அது கை தூக்கச் சொல்வதே. முதல் ஐந்து பேர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு ஆறாவது ஆள் போடுகிறார்.

கை தூக்கும் முறை கெட்டது என்று சொல்ல வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவரை நிர்வாகியாக்க நடக்கும் வாக்கெடுப்பு இன்றும் திறந்த முறைதான். பெயரைப் போட்டு, காரணத்தைச் சொல்லி, கையொப்பம் இடுகிறார்கள். வேலைக்குத் தகுதியானவரா என்ற விவாதமே அங்கே முக்கியம். அதே விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் அறங்காவலர் குழுத் தேர்தலுக்கு வந்தால் செக்யூர்போல் என்ற தனி மென்பொருள், ரகசிய வாக்கு. எது எதற்கு என்று யோசித்துப் பிரித்திருக்கிறார்கள். நம் சங்கங்களில் பிரிப்பது யோசனை இல்லை, கைக்குக் கிடைத்த ஆப்.

நேரம் காட்டிக்கொடுக்கும்

‘நாங்க பேரே கேக்கலையே, ஃபார்ம்ல இமெயில் கேக்குறதையும் ஆஃப் பண்ணிட்டோம்’ என்பவர்களுக்காக இந்தப் பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சங்கங்களில் ரகசியம் போகும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

கூகுள் ஃபார்ம் பதில்கள் விரிதாளில் விழும்போது முதல் பத்தியில் நேரம் பதிவாகிறது. மணி, நிமிடம், விநாடி. இரவு 9.14-க்கு ஒரு ஓட்டு. குழுவில் 9.15-க்கு ஒருவர், ‘கடமையை முடிச்சாச்சு’ என்று கட்டைவிரலோடு செய்தி போடுகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க கணிதம் எதுவும் வேண்டாம்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் இன்னும் சாமர்த்தியமாகச் செய்வார்கள். தரவுத்தளத்தில் இரண்டு பட்டியல் வைப்பார்கள். ஒன்றில் ஓட்டுப் போட்டவர்களின் பெயர். இன்னொன்றில் பெயரில்லாத ஓட்டுகள். இரண்டுக்கும் இணைப்பே கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் தரவுத்தளம் ஒவ்வொரு வரிக்கும் தானாக வரிசை எண் போடும். முதல் பட்டியலில் 37-வது பெயர் யாரோ, இரண்டாவது பட்டியலில் 37-வது ஓட்டு அவருடையது. அந்த எண்ணை எடுத்துவிட்டால்? சர்வர் பதிவேடு இருக்கிறது. எந்த ஐ.பி. முகவரி, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைத் திறந்தது என்பதை அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். அதையும் அணைத்தால்?

பேக்கப். இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. சின்னச் சர்வர்கள் பலவற்றில் தினமும் நள்ளிரவில் தரவுத்தளத்தின் பிரதி எடுக்கப்படும். வாக்குப்பதிவு பத்து நாள் நடக்கிறது. ஆறாம் நாள் ஒரே ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். ஐந்தாம் நாள் பிரதியையும் ஆறாம் நாள் பிரதியையும் ஒப்பிட்டால் கூடியிருப்பது ஒரே பெயர், ஒரே ஓட்டு. வரிசையை எத்தனை குலுக்கினாலும் இது மறையாது.

தீர்வு இல்லாமல் இல்லை. நேரத்தைச் சேமிக்காமல் விடலாம். ஓட்டு ஒவ்வொன்றுக்கும் வரிசையில்லாத ஓர் எண் தரலாம். வாக்குப்பதிவு நாட்களைச் சுருக்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, ஓட்டு உறுப்பினரின் கணினியிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையில் சர்வருக்கு வருவது. அப்போது பேக்கப்பை யார் எடுத்துப் பார்த்தாலும் பூட்டைத்தான் பார்ப்பார்கள்.

--------
பெட்டிச் செய்தி

இரண்டு உறைகள்

ஓட்டையும் பெயரையும் பிரிப்பதற்கு நம் தேர்தல் ஆணையம் பல காலமாகக் கையாளும் எளிய வழி தபால் வாக்கு. ஓட்டுச்சீட்டு 13-பி என்ற உள் உறைக்குள் போகும். ‘நான் இன்னார்’ என்ற 13-ஏ உறுதிமொழியும் அந்த உள் உறையும் சேர்ந்து 13-சி என்ற வெளி உறைக்குள் போகும். எண்ணும் நாளில் முதலில் வெளி உறையைப் பிரித்து உறுதிமொழியைச் சரிபார்ப்பார்கள். சரியில்லை என்றால் உள் உறையைத் திறக்காமலே நிராகரிப்பார்கள். சரி என்றால் உறுதிமொழி ஒரு பக்கம், உள் உறை இன்னொரு பக்கம். பெயரும் ஓட்டும் பிரிந்த பிறகே சீட்டு வெளியே வரும்.

2005-ல் உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் இணைய வாக்கை முதன்முதலில் கொண்டுவந்த எஸ்டோனியா பின்பற்றியதும் இதே இரட்டை உறைதான். ஓட்டைப் பூட்டுவது உள் உறை. அதன்மேல் மின் அடையாள அட்டையால் இடும் கையொப்பம் வெளி உறை. அந்த ஆண்டு இணையத்தில் போட்டவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான மொத்த ஓட்டுகளில் 51 சதவீதம் இணையம் வழியே வந்தது.
--------

பன்னிரண்டு பேர் போட்டால்...

சின்னக் கூட்டத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம் போட்டாலும் தீராது. முடிவே ரகசியத்தைச் சொல்லிவிடும்.

பன்னிரண்டு பேர் உள்ள செயற்குழு. முடிவு 12-0. எல்லார் ஓட்டும் தெரிந்துவிட்டது. முடிவு 11-1 என்றால் இன்னும் மோசம். அந்த ஒருவர் யார் என்ற தேடல் அன்று இரவே தொடங்கிவிடும். ‘ஏ’ பிளாக், ‘பி’ பிளாக் என்று தனித்தனியாக எண்ணி முடிவு வெளியிடும் அடுக்ககங்களில் நான்கு வீடு மட்டுமே உள்ள ‘சி’ பிளாக்குக்கு ரகசியம் என்பதே இல்லை.

இது பெரிய தேர்தலிலும் உண்டு என்பதுதான் வேடிக்கை. சட்டமன்றத் தேர்தல் முடிந்த மறுநாள் டீக்கடையில், “நம்ம பூத்துல நமக்கு எத்தனை?” என்று கேட்காத கட்சிக்காரர் உண்டா? வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்களின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்ததும் ஒவ்வோர் இயந்திரமும் தனித்தனியாக எண்ணைச் சொல்ல ஆரம்பித்தது. எந்தத் தெரு எந்தக் கட்சி என்பது இப்போது எழுத்து வடிவில் கிடைக்கிறது. பல இயந்திரங்களை இணைத்து ஒரே கூட்டுத்தொகை காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. தெருவுக்கு ரோடு போடவில்லை என்றால் காரணம் என்ன என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

ஆக, சங்கம் செய்யக்கூடியது இதுதான். பிளாக் வாரியாக எண்ணிக்கை வெளியிடாதீர்கள். மிகச் சிறிய குழு என்றால் ‘இன்னார் வென்றார்’ என்பதோடு நிறுத்தலாமா என்பதை முன்கூட்டியே பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள். முடிவு வந்த பிறகு அதை யோசித்தால், எதையோ மறைப்பதாகத்தான் பேச்சு வரும்.

பட்டியல் யார் கையில்?

ரகசியத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், சங்கத் தேர்தல்கள் கோர்ட்டுக்குப் போவதென்றால் பெரும்பாலும் உறுப்பினர் பட்டியலால்தான் போகும். வீட்டுக்கு ஓர் ஓட்டா, ஆளுக்கு ஓர் ஓட்டா? கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் லிங்க் யாருக்குப் போகும்? துபாயில் இருக்கும் உரிமையாளருக்கா, இங்கே குடியிருந்து மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டும் வாடகைதாரருக்கா? பாக்கி வைத்தவருக்கு ஓட்டு உண்டா? எந்த மென்பொருளும் இதற்குப் பதில் சொல்லாது. துணைவிதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் சொல்லும் அதிகாரம் தானாகவே அட்மினின் எக்ஸெல் கோப்புக்குப் போய்விடும்.

அடுத்தது ஆள் அடையாளம். ஓ.டி.பி. எளிது என்று தோன்றும். ஆனால் சங்கம் தன் பெயரில் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிகளின்படி டி.எல்.டி. தளத்தில் பதிவு, செய்தி வாசகத்துக்கு ஒப்புதல் என்று அலைய வேண்டும். அதனால் மின்னஞ்சலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லிங்க் என்ற வழிக்குத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். அந்த லிங்க்குகளை உருவாக்குகிறவர் யார்? அதே அட்மின். வாக்குப்பதிவு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, இதுவரை ஓட்டுப் போடாத முப்பது பேரின் லிங்க் அவர் கையில் இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்தினாரா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. பயன்படுத்தவில்லை என்பதை அவராலும் நிரூபிக்க முடியாது. தோற்றவர் குற்றம் சாட்டும்போது இலவசமாக உழைத்த அந்த மனிதர் கையில் காட்ட ஒன்றுமே இருக்காது. அட்மினைக் காப்பாற்றவும்தான் நல்ல வடிவமைப்பு வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு எளிய மருந்து, யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியலை வெளியிடுவது. யாருக்கு என்பதை விட்டுவிட்டு, போட்டார்கள் என்பதை மட்டும். ‘நான் போடவே இல்லையே, என் பேர் எப்படி வந்துச்சு?’ என்று ஒருவர் கேட்க முடிந்தால் கள்ள ஓட்டு கஷ்டம். பூத்தில் கட்சி ஏஜென்ட்டுகள் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராக அடித்துக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான்.

பிரான்ஸ் ஆய்வாளர்கள் உருவாக்கிய பெலேனியோஸ் என்ற இலவச மென்பொருள் இன்னொரு படி மேலே போகிறது. ஓட்டுப் போடுவதற்கான ரகசியக் குறியை உருவாக்கி அனுப்புபவர் ஒருவர். சர்வரை நடத்துபவர் வேறொருவர். இருவரும் கூட்டுச் சேராதவரை கள்ள ஓட்டுத் திணிக்க முடியாது.

கம்பெனிச் சட்டத்திலும் இந்த யோசனை இருக்கிறது. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்களும், ஆயிரம் பங்குதாரர்களுக்குக் குறையாத நிறுவனங்களும் மின்வாக்கு வசதி தர வேண்டும் என்கின்றன 2014 விதிகள். அந்த ஓட்டுகளைத் திறப்பவர் நிறுவனத்தில் வேலை பார்க்காத ஓர் ஆய்வாளர். அவரும் தனியாகத் திறக்க முடியாது. நிறுவனத்தின் ஊழியர் அல்லாத இரண்டு சாட்சிகளாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

டெபியனின் ஆயிரம் பேர்

சின்னச் சமூகம் ஒன்று இந்தக் கேள்விகளோடு பல வருடம் மல்லுக்கட்டிய கதை வேண்டுமென்றால் டெபியனைப் பார்க்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவத்தை இலவசமாகத் தயாரிக்கும் தன்னார்வலர் கூட்டம். ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் சுமார் ஆயிரம் பேர். தலைவர் தேர்தல் ரகசிய வாக்கு. ஆனால் கொள்கைத் தீர்மானங்களில் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது பெயரோடு வெளியாகும். வெளிப்படைத்தன்மை அவர்களுக்கு மதம் மாதிரி.

2021-ல் சோதனை வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியதை எதிர்த்து டெபியன் அறிக்கை விட வேண்டுமா என்று ஓட்டெடுப்பு. இணையம் முழுக்க இரு தரப்பும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம். இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கத்தினர் வசைபாடுவார்கள், அந்தப் பக்கம் போட்டால் இவர்கள். பெயர் வெளியே வரும் என்ற அச்சம் உறுப்பினர்களுக்குள் பெரிய விவாதமானது. 2022-ல் இன்னொரு தீர்மானம் போட்டு, இனி தீர்மான ஓட்டுகளிலும் பெயர் வெளிவராது என்று விதியைத் திருத்தினார்கள்.

பெயரை மறைத்துவிட்டால் எண்ணிக்கை சரியா என்று எப்படித் தெரியும்? தலைவர் தேர்தலில் அதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. ஓட்டுப் போட்டதும் உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியக் குறி வரும். தேர்தல் முடிந்ததும் எல்லா ஓட்டுகளும் வெளியாகும். பெயர் இருக்கும் இடத்தில் அந்தக் குறியிலிருந்து கணக்கிட்ட ஓர் எழுத்துச்சரம் இருக்கும். உங்கள் குறியைக் கொண்டு நீங்களே கணக்கிட்டு, உங்கள் ஓட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்தவர் ஓட்டு எது என்று உங்களுக்குத் தெரியாது. மொத்தத்தைக் கூட்டி முடிவையும் சரிபார்க்கலாம்.

ஆனாலும் ஒருவருக்கு எல்லாம் தெரியும். ஓட்டுகளைப் பெற்று எண்ணும் அவர்களுடைய செயலாளர். அவர்மேல் நம்பிக்கை இருக்கும்வரை வண்டி ஓடும். அவரையும் நம்ப வேண்டாம் என்ற இடத்தில்தான் கணிதம் உள்ளே வருகிறது.

உண்டியலுக்கு மூன்று பூட்டு

பென் அடிடா என்ற ஆய்வாளர் 2008-ல் ஹீலியோஸ் என்ற வாக்கு முறையை வெளியிட்டார். அடுத்த வருடமே பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தன் ரெக்டரைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தியது. தகுதியுள்ள வாக்காளர்கள் 25,000 பேருக்கு மேல். ஐ.ஏ.சி.ஆர். பயன்படுத்துவதும் ஹீலியோஸ்தான்.

அதன் மையம் இது: ஓட்டு உங்கள் கணினியிலேயே பூட்டப்படுகிறது. பூட்டிய ஓட்டுகளைத் திறக்காமலே ஒன்றோடொன்று சேர்க்க முடியும். சேர்த்த பின் வரும் கூட்டுத்தொகை மட்டுமே திறக்கப்படும். தனி ஓட்டு எதுவும் எந்தக் கட்டத்திலும் திறக்கப்படுவதில்லை. திறக்கும் சாவியும் ஒருவரிடம் இருக்காது. கோயில் உண்டியலுக்கு இரண்டு மூன்று பூட்டுப் போட்டு, சாவிகளை வேறு வேறு கையில் கொடுத்து, எல்லாரும் கூடிய பிறகே திறப்பது போலத்தான். பூட்டிய ஓட்டுகளின் பட்டியல் பொதுவில் இருக்கும். உங்கள் ஓட்டு அதில் இருக்கிறதா, கூட்டல் சரியா என்று வெளியாட்களும் பரிசோதிக்கலாம்.

இது மந்திரமா? இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால், பூட்டுவதற்கு முன்னாலேயே அது ஓட்டைப் படித்துவிடும், மாற்றியும்விடலாம். சாவிக்காரர்களில் ஒருவர் தொலைத்தால் என்ன ஆகும் என்பதைப் பேராசான்களே காட்டிவிட்டார்கள். நம் சங்கத்தில் சாவிக்காரர் வெளிநாடு போவார், போனை மாற்றுவார், கோபித்துக்கொண்டு குழுவிலிருந்து வெளியேறுவார். ஐந்து பேரிடம் கொடுத்து எவரேனும் மூன்று பேர் போதும் என்று வைப்பதுதான் நம் நடைமுறைக்கு ஏற்றது. ஆட்சியில் இருப்பவர் பக்கம் இருவர், எதிர்த்து நிற்பவர் பக்கம் இருவர், இரண்டிலும் சேராத பெரியவர் ஒருவர்.

--------
பெட்டிச் செய்தி

திறந்த உள்ளங்கை

குடவோலை என்றதும் ‘அந்தக் காலத்திலேயே நம்மிடம் தேர்தல் இருந்தது’ என்று மார்தட்டுவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சொல்வது வாக்களிப்பை இல்லை, குலுக்கலை. போட்டியிடுவதற்கே நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று நிபந்தனைகள். கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் நிற்கவே முடியாது.

ஆனால் நடத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். மறைத்து வைத்த ஓலையை மாற்றிவிடக் கூடாதே! அவர் படித்ததை, சபையில் இருந்த மற்றவர்களும் படிக்க வேண்டும். நடத்துகிறவரை நம்பாமல் விதி எழுதியிருக்கிறார்கள்.
--------

பாட்டுப் பாடிய வாக்குப்பெட்டி

‘சொந்தமா எழுதிடலாம், ரெண்டு நாள் வேலைதான்’ என்று கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு கதை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன், 2010. வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்காக இணைய வாக்கு முறை ஒன்றை நகர நிர்வாகம் தயாரித்தது. உண்மையான தேர்தலுக்கு முன் ‘முடிந்தால் உடைத்துப் பாருங்கள்’ என்று பொதுமக்களை அழைத்தது. அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன் குழு 48 மணி நேரத்துக்குள் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்டது. போட்ட ஓட்டுகளை எல்லாம் மாற்றினார்கள். சினிமா, கதைகளில் வரும் ரோபோக்களுக்கு ஓட்டு விழுந்தது. உண்மையான வாக்காளர்களுக்கு அனுப்பவேண்டிய ரகசிய எண்கள் அடங்கிய கோப்பு அதே சர்வரில் கிடந்தது. ஓட்டுப் போட்டு முடித்ததும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வெற்றிப் பாட்டு ஒலிக்கும்படி வைத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பாட்டு எதற்கு வருகிறது என்று வெளியாள் ஒருவர் கேட்ட பிறகுதான் அதிகாரிகளுக்கு விஷயமே தெரிந்தது. திட்டம் கைவிடப்பட்டது. உள்ளே நுழையக் காரணமாக இருந்தது, பதிவேற்றும் கோப்பின் பெயரைக் கையாண்ட விதத்தில் இருந்த ஒரு சின்னக் கவனக்குறைவு.

ஸ்விட்சர்லாந்து தபால் துறை 2019-ல் தன் முறையின் நிரலை வெளியிட்டபோது, யாருக்கும் தெரியாமல் ஓட்டை மாற்றக்கூடிய குறையை வெளி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுத்திவிட்டுத் திருத்தி, 2023-ல்தான் மறுபடி சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். நார்வே 2011, 2013 இரண்டு தேர்தலில் சோதித்துவிட்டு 2014-ல் கைவிட்டது. இவர்களிடமெல்லாம் பணமும் இருந்தது, வல்லுநர்களும் இருந்தார்கள். சங்கத்துக்கு எழுதுகிறவர்கள் ஹீலியோஸ், பெலேனியோஸ் போன்றவற்றை எடுத்துப் போடுவது நல்லது. பாராட்டுக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

போனை இப்படிக் கொடு

இனி, பெரிய கேள்வி. சங்கத்துக்குச் சரி, சட்டமன்றத்துக்கும் இப்படியே போட்டுவிட்டால் என்ன? பீகாரில் 2025 ஜூனில் உள்ளாட்சித் தேர்தலில் மொபைல் செயலி வழியாக ஓட்டுப் போட வைத்தார்கள். தெலங்கானாவின் கம்மத்தில் 2021-லேயே ஒத்திகை பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைக் கேட்டதும் சிலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆர்.கே. நகராக இருக்கும். 2017 ஏப்ரலில் அந்தத் தொகுதியின் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடா காரணமாகவே ரத்தாயின. பணம் கொடுப்பவருக்கு இன்று இருக்கும் ஒரே தலைவலி, வாங்கியவர் போட்டாரா என்று பார்க்க முடியாதது. மறைப்புக்குப் பின்னால் தனியாக நிற்கும் அந்தச் சில விநாடிகள்தான் வாக்காளரின் பலம். பணத்தையும் வாங்கிக்கொண்டு மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுவதும் அங்கேதான். போனில் ஓட்டு என்றால் மறைப்பு ஏது? “போனை இப்படிக் கொடும்மா, நானே போட்டுடறேன்” என்று வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். கட்சிக்காரர்தான் என்றில்லை. மாமனார், முதலாளி, கந்துவட்டிக்காரர், யார் வேண்டுமானாலும்.

இதை ஆய்வாளர்கள் 1994-லேயே எழுதிவைத்தார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்று பிறருக்கு நிரூபிக்க என்னிடம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஓட்டு விலைக்குப் போகும். அதனால்தான், மிரட்டலும் விலையும் அதிகம் இல்லாத மாணவர் மன்றம், சங்கம் போன்ற இடங்களுக்கு மட்டும் ஹீலியோஸ் என்று அதை உருவாக்கியவரே எல்லை கட்டினார். டெபியன் தரும் ரகசியக் குறியும் இந்தக் கோணத்தில் ஆபத்துதான். காட்டு என்றால் காட்டலாம். ஆனால் டெபியனில் ஓட்டுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

எஸ்டோனியாவுக்கும் இந்தப் பயம் உண்டு. அவர்கள் கண்ட வழி மறுவாக்கு. எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. இணைய வாக்கு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மூடிவிடும். ஞாயிறு தேர்தல் நாள். 2021-லிருந்து அன்று பூத்துக்குப் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு ரத்து. பக்கத்தில் நின்று போட வைத்தவருக்கு, அந்த ஓட்டு நிலைத்ததா என்று தெரியவே தெரியாது.

நம் சங்கங்களும் இதை அப்படியே செய்யலாம். சனிக்கிழமை மாலையோடு லிங்க் மூடட்டும். ஞாயிறு ஏ.ஜி.எம். நடக்கும் ஹாலில் ஒரு மறைப்பு, ஒரு பெட்டி, ஒரு சீட்டுக்கட்டு. நேரில் வந்து போடுகிறவரின் இணைய ஓட்டைக் கழித்துவிடலாம். வீட்டில் யார் கண் முன்னால் போட்டிருந்தாலும் இங்கே மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல்தான். கழிக்க வேண்டுமென்றால், பூட்டிய ஓட்டுகளில் அவருடையது எது என்பது ஞாயிற்றுக்கிழமை வரை எங்கோ எழுதியிருக்க வேண்டும். வெளி உறையை அதுவரை கிழிக்க முடியாது. அந்த உறைகள் யாருடைய பொறுப்பில் இருக்கும், உள்ளே இருப்பதைத் திறக்கும் சாவிகள் வேறு யாரிடம் இருக்கும், எண்ணி முடித்த எத்தனையாவது நாளில் எல்லாம் அழிக்கப்படும் என்ற மூன்றும் ஏ.ஜி.எம். நோட்டீஸிலேயே அச்சாகி வர வேண்டும்.